நூற்றெட்டில் ஒன்று



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, கலைந்து செல்வோரை வாசலில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தேன். நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த மகள் ஒருத்தி எல்லாரும் போகும்வரை காத்திருந்தாள். தாய்லாந்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஜெபக் குறிப்பிலும் அது இடம்பெற்றது. “ஐயா, அங்கே பிள்ளைகளோடு ஆசிரியர்களும் புத்த கோயிலுக்குப் போக வேண்டியிருக்குமாம். நான் உள்ளே போகலாமா?” என்று கேட்டாள்.

நான் தயங்காமல் விடை சொன்னேன். “நான் பூட்டானில் ஆறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன், மகளே. எத்தனையோ கோயில்களுக்குள் போயிருக்கிறேன். எங்கும் தலை வணங்கவில்லை, ஒரு விளக்கும் ஏற்றவில்லை. என்னைக் காத்த தேவன் உன்னையும் காப்பார்” என்றேன். அவள் நிம்மதியோடு போனாள். நான் நிம்மதியின்றி வீடு வந்தேன். ஏனெனில் நான் சொன்னதில் ஒரு பொய் இருந்தது.

இந்தச் சாட்சியை நீங்களும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஊழியத்திற்குத் தெரிந்தெடுக்கும் நேர்காணலில்தான் அதை முதன்முதலாகச் சொன்னேன். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். பின்பு கன்வென்ஷன் கூட்டங்களிலும், வாலிபர் முகாம்களிலும், இந்தப் பிரசங்க பீடத்திலும் சொன்னேன். முப்பது ஆண்டுகளாகக் கதையின் பாதியையே உங்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். மீதியை இந்த வாரம் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சற்றுப் பின்னிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீடு திருத்தங்கலை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்தது. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதே தகப்பனார் மரித்தார். அம்மா வீட்டில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள். என்னைவிட ஐந்து வயது மூத்த அக்காள், பதினோரு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனாள். வளர்ந்தபின் பட்டாசு ஆபீசுக்கு மாறினாள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று எவரும் சொல்வதில்லை, ‘ஆபீஸ்’தான். விடியுமுன் வண்டி வந்து ஏற்றிச் சென்ற சிறு பிள்ளைகளையும் ‘ஆபீசுக்குப் போகிற பிள்ளைகள்’ என்றே சொன்னோம். அந்த ஒரு சொல் எவ்வளவை மூடி வைத்திருந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டையில் நான் பட்டப்படிப்பும் பி.எட். படிப்பும் முடித்தது அக்காளின் கூலியில். பட்டாசுக்குத் திரி வெட்டிச் செருகுவது அவளுடைய வேலை. அலுமினியத் தூளின் சாம்பல் நிறம், ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து ஆராதனைக்கு வரும்போதும் அவள் நகக்கண்களை விட்டு நீங்காது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. நம் சபையின் மூத்தோர் அறிவார்கள்.

பூட்டான் அரசு 1961இல் தன் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கி, ஊர்தோறும் ஆங்கிலவழிப் பள்ளிகளைத் திறக்கத் தலைப்பட்டது. கற்பிக்க ஆட்கள் போதவில்லை. எனவே இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும், பலர் சென்றார்கள். படித்துவிட்டு வேலையின்றி இருந்த நானும் 1984இல் அவ்வாறு போனேன். தீப்பெட்டித் தொழில் கற்பதற்காக அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் கல்கத்தா வரை அதே திசையில் சென்றேன். அங்கிருந்து அஸ்ஸாம், அதன் எல்லையில் சம்துருப் ஜோங்கார், பிறகு டிராஷிகாங் வரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கே பேருந்தில் ஒரு முழுப் பகல் ஆயிற்று. வழியெல்லாம் வாந்தி.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு ராக்லண்ட் ஐயரின் கதையைச் சொல்லித் தருவார்கள். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காம் இடம் பெற்றவர். கல்லூரிப் பதவியை விட்டு இந்தியா வந்து, வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் அடித்துச் சுற்றி, 1858இல் சிவகாசியில் உயிர்விட்டார். டிராஷிகாங்கில் முதல் இரவு, குளிரில் உறக்கமின்றிக் கிடந்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். நானும் கணிதம் படித்தவன். ஆனால் அவர் போதிக்கச் சென்றார், நான் சம்பளத்துக்குச் சென்றேன். ஒப்பீடு அங்கேயே முறிந்தது.

மேலும் அந்த நாட்டில் மதம் பரப்பும் பணிக்கு இடமில்லை. பணியேற்கும்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கனடாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வில்லியம் மக்கே பாதிரியாரைப் பற்றி மூத்த ஆசிரியர்கள் பேசுவார்கள். 1963இல் அரசின் அழைப்பின்பேரில் கிழக்குப் பூட்டானுக்கு வந்தவர். காங்லுங்கில் ஷெருப்சே பள்ளியை உருவாக்கியவர். பிற்பாடு அதுவே நாட்டின் முதல் பட்டக் கல்லூரியாயிற்று. இத்தனை ஆண்டுகளில் அவர் மதம் மாற்ற முயன்றதில்லை என்பதை அவர்கள் வியப்போடு சொல்வார்கள். அந்த வயதில் எனக்கு அது பெரிய தோல்வியாகவே தோன்றியது. ‘அப்படியானால் எதற்காக வந்தார்?’ என்று ஏளனமாகக் கேட்டதும் நினைவிருக்கிறது.

கோயில்களுக்குப் போகத் தொடங்கியது விருப்பத்தினால் அல்ல, வருகைப் பதிவேட்டினால். விடுதி மாணவர்களைத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. டிராஷிகாங்கிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டரில், டிராங்மே சூ ஆற்றின் கரையில், கோம் கோரா என்னும் கோயில் இருக்கிறது. பெரிய கரும்பாறை ஒன்றை ஒட்டிக் கட்டிய சிறு கோயில் அது. குரு ரின்போச்சே, அதாவது பத்மசம்பவர், அங்கே தியானம் செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. பூட்டானிய நாட்காட்டியின் இரண்டாம் மாதத்தில் திருவிழா நடக்கும். எல்லைக்கு அப்பாலுள்ள தவாங் பகுதியிலிருந்தும் மக்கள் நடந்தே வருவார்கள். இரவெல்லாம் கோயிலையும் பாறையையும் வலம் வருவார்கள். என் பொறுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். இருட்டும் நெரிசலும் ஒரு பக்கம், ஆறு மறுபக்கம். அவர்கள் புண்ணியத்துக்காகச் சுற்றினார்கள், நான் தலை எண்ணுவதற்காகச் சுற்றினேன். விடியும்வரை எத்தனை சுற்று வந்தேனோ, எண்ணிக்கை தவறவில்லை.

அந்தப் பாறையில் ஒரு குறுகிய துவாரம் உண்டு. அதில் நுழைந்து மறுபுறம் வெளிவருகிறவனுக்குப் பாவம் இல்லையாம். “சார் லா, நீங்களும் வாருங்கள் லா” என்று பிள்ளைகள் இழுத்தார்கள். மரியாதைக்காக ஒவ்வொரு சொல்லின் பின்னும் ‘லா’ சேர்ப்பது அவர்கள் வழக்கம். நான் வயிற்றைத் தட்டிக் காட்டி மறுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். உண்மையில் எனக்குப் பயம். சிக்கிக்கொண்டால் என்ன பொருள், வெளியே வந்துவிட்டால் என்ன பொருள் என்ற இரண்டு பயமும்.

பள்ளிக்கு மேலே, ஒரு மணி நேர ஏற்றத்தில், கிராமத்துக் கோயில் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளோடு அங்கே போவோம். மனப்பாடப் பகுதிக்காக மணிமேகலைச் செய்யுள் ஒப்பித்தவன் நான். இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுந்ததை வரலாற்றுத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். ஆயினும் பௌத்தம் என்பது உயிருள்ள மனிதர் கைக்கொள்ளும் காரியம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வாசல் மண்டபச் சுவரில் பெரிய வாழ்க்கைச் சக்கரம் ஒன்று தீட்டியிருந்தது. யமன் அதைப் பற்களாலும் நகங்களாலும் பற்றியிருக்கிறான். நடுவில் பன்றி, சேவல், பாம்பு ஆகிய மூன்றும் சுழன்று நிற்கின்றன. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எனக்கு ஆசிரியனாகி, அறியாமை, ஆசை, பகை என்று விரல் வைத்துக் காட்டினான். நரகங்களில் வெந்நரகமும் உண்டு, குளிர் நரகமும் உண்டு என்றான். சிவகாசிக்காரனுக்குக் குளிர் நரகம் புதிது. டிசம்பர் நெருங்கியபோது அதையும் நம்பத் தொடங்கினேன்.

உள்ளே கோயில் காப்பாளரான முதியவர், வருவோர் உள்ளங்கையில் குங்குமப்பூ கலந்த நீரை ஊற்றுவார். சிறிது பருகி, மீதியைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். முதல் முறை நானும் கையை நீட்டிவிட்டேன். பிறகு விரல்களைச் சற்றே விரித்து நீரைக் கீழே ஒழுகவிட்டேன். எவரும் காணவில்லை என்று எண்ணினேன். அடுத்த மாதம் அந்த முதியவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, எனக்கு ஊற்றாமல், அடுத்த கைக்குப் போய்விட்டார். அதன்பின் ஒருபோதும் எனக்கு ஊற்றவில்லை, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதை என் வெற்றியாக அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன். அந்த நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. வாசிக்க வெட்கமாக இருக்கிறது.

இதுவரை நீங்கள் கேட்ட கதைதான்.

1986ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. சிவகாசியில் அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் குவியும், பொழுது விடியுமுன்னும் வேலை, பொழுது சாய்ந்தபின்னும் வேலை. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. அன்றைக்கு அந்த அறையிலும் அதன் வாசலிலுமாக எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். உராய்வு என்று முடிவு எழுதப்பட்டது. என் அக்காளுக்கு வயது 31.

தந்தி ஒன்பது நாள் கழித்து வந்தது. ‘சகோதரி விபத்தில் மரணம், அடக்கம் முடிந்தது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சில சொற்கள். மழையில் மலை சரிந்து சம்துருப் ஜோங்கார் பாதை அடைபட்டிருந்தது. பாதை திறந்து நான் ஊர் போய்ச் சேர்ந்தாலும் மூடிய கல்லறையைத்தான் பார்க்க வேண்டும். டிசம்பர் விடுமுறைவரை அங்கேயே இருந்து பாடம் நடத்தினேன். சித்தப்பா மகன் ஒரு செய்தித்தாள் துணுக்கை வெட்டி அனுப்பினான். ‘மூன்று பெண்கள் உட்பட ஐந்து பேர் பலி’ என்றிருந்தது. பெயர்கள் இல்லை.

தலைமையாசிரியர் அந்நாட்டவர். பலமுறை என் அறைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவர்கள் நம்பிக்கைப்படி, மரித்தவரின் உயிர் நாற்பத்தொன்பது நாள் இடைநிலையில் அலைகிறது. வழிகாட்டுவதற்காக விளக்கேற்றி மந்திரம் ஓதுவார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் முக்கியமானது. அதற்கு ஒரு வாரம் முன்பு அவர் விஷயத்தைத் தொடங்கியபோது நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்: “என் அக்காள் கர்த்தருடைய கரத்தில் இருக்கிறாள். அவளுக்கு எந்த விளக்கும் தேவையில்லை.” அவர் சிறிது நேரம் யோசித்தார். “அவருக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். நம் ஆசிரியர் வீட்டில் மரணம் நடந்திருக்கிறது. பிள்ளைகள் எப்படிச் சும்மா இருப்பார்கள்?” என்றார்.

அன்று மாலை விடுதியைச் சுற்றிப் பார்க்கப் போனேன். படிப்பு நேரம் முடிந்து, பிள்ளைகள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் உருட்டித் தர, மற்றவன் அளவாக வெட்டி வரிசையாக வைத்தான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “உங்கள் அக்காளுக்குத் திரி, சார் லா” என்றான் மிகச் சிறியவன். அவன் சொன்ன சொல் வேறு. என் காதில் அது தமிழில் விழுந்தது. விளக்குக்கு இடுவதும் திரி, வெடிக்கு வைப்பதும் திரி. இருபது ஆண்டு அவள் விரல்கள் செய்த வேலையை, அவளைப் பார்த்தேயிராத பிள்ளைகளின் விரல்கள் செய்துகொண்டிருந்தன. நான் அறைக்குத் திரும்பி, தந்தி வந்தபின் முதன்முறையாக அழுதேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் அவர்களோடு மலையேறினேன். ஆசிரியர்கள் ஆளுக்கொரு டால்டா டின் கொண்டுவந்தார்கள். வெண்ணெய் விளக்கு என்று பெயர் இருந்தாலும், எளியவர்கள் ஊற்றுவது பெரும்பாலும் டால்டாதான். அந்தக் கோயிலில் விளக்கேற்றுவதற்கென்று வெளியே தனிக் கூடம் ஒன்று கல்லால் கட்டியிருந்தது. மரத்தால் ஆன கோயிலுக்குள் அத்தனை சுடர்களை வைக்க அந்த முதியவர் சம்மதிப்பதில்லை. அந்த ஆண்டில்தான் புனாக்கா ஜோங்கில் தீப்பிடித்திருந்தது. தலைமையாசிரியர் அதைச் சொல்லி, “எங்களுக்கும் தீயைத் தெரியும்” என்றார். கூடத்தின் தரை கழுவி ஈரமாக இருந்தது. மூலையில் நீர் நிறைந்த வாளிகள் இருந்தன. தொங்கும் துணி ஒன்றும் இல்லை. முதியவர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடாமல், ஒவ்வொரு பித்தளைக் கிண்ணத்தையும் இரு கைகளாலும் ஏந்தி வைத்தார். மருந்தும் தீயும் அறிந்த ஊரில் பிறந்தவன் நான். தீக்கு இவ்வளவு அச்சமும் மரியாதையும் காட்டுகிற ஓர் அறையை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை.

நான் வாசலில் நின்றேன். முதியவர் என்னிடம் எதையோ கேட்டார். தலைமையாசிரியர் மொழிபெயர்த்தார்: “அவர் பெயர் என்ன? எந்த ஆண்டில் பிறந்தவர்?” ஓதும்போது பெயர் சொல்ல வேண்டுமாம். தந்தியில் பெயர் இல்லை, செய்தித்தாளில் இல்லை. நாற்பது நாளாக என்னிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னேன். 1955 என்றேன். முதியவர் விரல்விட்டு எண்ணி, செம்மறியாட்டு ஆண்டு என்றார். அவர்கள் கணக்கில் ஆண்டுக்கொரு விலங்கு. அவளுடைய பெயரை அவர் மூன்று முறை தவறாக உச்சரித்து, நான்காம் முறை சரியாகச் சொன்னார்.

நூற்றெட்டு விளக்குகளையும் ஏற்றி முடித்து அவர் ஓத உட்கார்ந்தார். அவ்வேளையில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று எழும்பி வாசல் வழியாக உள்ளே வந்தது. சுடர்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. வாசலோரத்தில், என் காலுக்கு அருகே இருந்த ஒன்று அணைந்துவிட்டது. ஓதுகிறவர் எழ முடியாது. மற்றவர்கள் வெளியே இருந்தார்கள். நான் உள்ளே கால் வைத்தேன். குனிந்து, பக்கத்து விளக்கிலிருந்து குச்சியில் தீயை எடுத்து, இடக்கையைக் குவித்துக் காற்றை மறைத்து, அந்தத் திரியை ஏற்றினேன். அது பிடிக்கச் சிறிது நேரமாயிற்று. பிடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

சபையாரே, இதைத்தான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன். ‘ஒரு விளக்கும் ஏற்றவில்லை’ என்று எத்தனை மேடைகளில் சொன்னேனோ, அத்தனை முறையும் அந்த ஒன்றைச் சொல்லாமல் அணைத்தேன்.

அது ஆராதனையா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மரித்தோருக்காகச் செய்த ஜெபமா? அதுவும் இல்லை, அந்த நொடியில் எந்த ஜெபமும் என் உள்ளத்தில் இருந்ததாக நினைவில்லை. ஆனால் ஒன்றுமேயில்லை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அது பாவமாயிருந்தால் அதற்கான மன்னிப்பை நான் கேட்டுவிட்டேன். பொய்யோ சந்தேகமின்றிப் பாவம். அதற்காகத்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறேன்.

அந்த விடுமுறையில் ஊர் வந்தபோது, எங்கள் ஊர்க் குருவானவரிடம் மட்டும் சொன்னேன். கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் ஒன்றும் சொல்லாமல் வேதாகமத்தை எடுத்து, 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். நாகமானின் கதை. குஷ்டம் நீங்கியதோடு பொதுவாக நாம் நிறுத்திவிடுவோம். அவர் நிறுத்தவிடவில்லை. குணமடைந்து, இனி வேறு தேவர்களுக்குப் பலியிடேன் என்று உறுதி சொன்ன அந்தச் சீரியன், அடுத்த மூச்சில் ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். தன் அரசன் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது தன் கைமேல் சாய்ந்துகொள்வான், அப்போது தானும் குனிய நேரிடும், அந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கவும் இல்லை. சமாதானம் கூறி வழியனுப்புகிறார், அவ்வளவுதான். “இதற்கு மேல் எலிசாவே சொல்லாததை நான் சொல்ல மாட்டேன்” என்றார் குருவானவர். பிறகு, “நாகமான் தானாக முன்வந்து சொன்னான், கவனித்தாயா?” என்றும் கேட்டார். கவனித்தேன். ஆனால் கைக்கொள்ளவில்லை.

அதே அதிகாரத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். சிறைப்பிடிக்கப்பட்டு அந்நிய தேசத்தில் வேலைக்காரியாயிருந்த சிறுமி. அவள் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நாகமானுக்குச் சுகமில்லை. அவளுடைய பெயரும் எழுதப்படவில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உதவி செய்ய ஓடியவர்களும் மாண்டார்கள். அன்றிரவு மருத்துவமனை வளாகத்தில் நம் சபையாரைத் தேடிப் போயிருந்தேன். திருநீறு அணிந்த ஒரு தாய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என் வெள்ளை அங்கியைப் பார்த்து, “சாமி, எம் மகளுக்காக உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்று கையைப் பிடித்தார்கள். நான் அவர்கள் எதிரில் தரையில் உட்கார்ந்து, பெண்ணின் பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டேன். பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அந்தத் தாய்க்கும் எனக்கும் நம்பிக்கை வேறு. அதை இருவரும் அறிந்திருந்தோம். அந்தக் கேள்வியை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று அன்று என்னோடு வந்த மூப்பர்கள் யாருக்கும் தெரியாது. மக்கே பாதிரியார் எதற்காக அங்கே போனார் என்று இப்போது நான் கேட்பதில்லை.

தாய்லாந்து போகும் மகளுக்கு இந்த வாரம் தனியே கடிதம் எழுதினேன். செருப்பைக் கழற்று, புத்தரின் சிலைக்கு நேராகக் காலை நீட்டாதே, அங்கே அது பெரும் அவமதிப்பு. வணங்க மனமில்லாவிட்டால் வணங்காதே. நிமிர்ந்து அமைதியாக நில். உன்னை நேசிக்கிறவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். படைத்த உணவைத் தந்தால், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தை வாசித்து உன் மனச்சாட்சியைக் கேள். உனக்காக நான் தீர்மானிக்க முடியாது. நடந்தது எதுவானாலும் முழுவதும் எனக்கு எழுது. நான் உன்னிடம் சொன்னதில் ஒன்று பொய், அது இன்னது. இவ்வளவும் எழுதியிருக்கிறேன். அவளிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

1986 டிசம்பரில் ஊர் வந்த முதல் இரவு, குருவானவரிடம் போவதற்கு முன்பே, அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அரிக்கன் விளக்கின் அருகே தீப்பெட்டித் தாளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“எத்தன வெளக்கு?” என்றார்கள்.

“நூத்தியெட்டும்மா.”

“மலையில காத்து அடிச்சிருக்குமே. அணையலையா?”

“ஒண்ணு அணஞ்சுது.”

பசைக் கை அப்படியே நின்றது. “பெறகு?”

“ஏத்திட்டேன்.”

அம்மா அந்தப் பெட்டியை ஒட்டி முடித்து, மற்றவற்றோடு அடுக்கி வைத்தார்கள். பிறகு எழுந்து, “கை கழுவிட்டு வா. சோறு ஆறுது” என்றார்கள்.